அடிக்கும் வீட்டிலும் உங்களுக்கு உரிமை உண்டு: குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பயன்படுத்தும் முழு வழி

என் சித்தி மகள் ஆறு வருடம் அடி வாங்கிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். சொன்ன அன்றைக்கும் அவளுக்கு ஒரே பயம்: "போலீஸுக்குப் போனா அவரை உள்ள தூக்கி வெச்சிடுவாங்களா அக்கா? அப்புறம் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" கணவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து 'வாழாவெட்டி' என்ற பேச்சைக் கேட்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை. அவன் கை நீட்டுவது நிற்க வேண்டும், தன் வீட்டில் தன் பிள்ளைகளோடு பயமில்லாமல் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவள் கேட்டதைத் தருவதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் 'டி.வி. ஆக்ட்' என்பார்கள். ஆறு வருடத்தில் அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் இருக்கும் பெண்களுக்காகவும், அவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்காகவும், நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29.3 சதவீதம். படிப்பிலும் வேலையிலும் பெண்கள் முன்னால் நிற்கும் மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிறோம், அந்தப் பெருமை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நாடு முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, வாய் திறந்து சொல்லவும் இல்லை.

படி 1: உங்களுக்கு நடப்பது என்ன என்று பெயர் வையுங்கள்

"அவர் அடிக்கல்லாம் மாட்டார், காசு மட்டும் கண்ணுல காட்ட மாட்டார்" என்று சொல்கிறவர்கள் நிறைய பேர். சட்டத்தின் 3ஆம் பிரிவு நான்கு வகை வன்முறையைச் சொல்கிறது: உடல், பாலியல், வாய்ச்சொல் மற்றும் மனரீதியானது, பொருளாதாரம். பிள்ளை இல்லை என்று, பையன் பிறக்கவில்லை என்று குத்திக் காட்டுவது, உங்களுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று மிரட்டுவது, விருப்பமில்லாத உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாம் இதற்குள் வருகிறது.

பொருளாதார வன்முறையைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதை வன்முறை என்றே யாரும் நினைப்பதில்லை. சம்பளம் வருகிற ஏ.டி.எம். கார்டு கணவன் கையில். நகை மாமியார் பீரோவில், அல்லது கேட்காமலே அடகுக் கடையில். மகளிர் உரிமைத் தொகை உங்கள் கணக்குக்குத்தான் வரும், ஆனால் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். வேலைக்குப் போகாதே என்று நிறுத்துவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் கெஞ்ச வைப்பது, உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் விற்பது எல்லாமே சட்டப்படி வன்முறைதான். கையில் காசில்லாத பெண் எங்கே போய்விடுவாள் என்ற தைரியத்தில்தான் அடியும் விழுகிறது. சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனாலும் 'சீர் செஞ்சாச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடு' என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளுக்குத்தான் திரும்பிப் போக ஓர் அறைகூட இல்லாமல் போகிறது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மகனிடம் அடி வாங்கும் தாய், அண்ணன் வீட்டில் கொடுமைப்படும் தங்கை, கணவனை இழந்த மருமகள், திருமணம்போலவே சேர்ந்து வாழும் பெண் என எல்லோருக்கும் பொருந்தும். மதம் தடையில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் 'வயது வந்த ஆண்' என்ற சொற்களைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டதால், கொடுமை செய்யும் மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம்.

படி 2: முதலில் உயிர்

சில அறிகுறிகளை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒருமுறையாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவேன் என்றாரா? அடி வரவரக் கூடுகிறதா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? எப்போதும் சந்தேகம், போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும், சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று நாளைத் தள்ளாதீர்கள். கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை கொலை வரை போகும் ஆபத்து மிக அதிகம்.

பெண் விலகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியவரும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. அதனால் கோபத்தில்கூட "கேஸ் போடுவேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியில் வேறு கருவி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். லொகேஷன் பகிர்வையும் பாருங்கள், ஆனால் உடனே அணைத்துவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும். கூகுள் கணக்கு அவன் கையில் இருக்கும் என்று தோன்றினால், முக்கியமான அழைப்புகளைப் பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து செய்யுங்கள்.

ஒரு பையை வெளியே, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு அல்லது பத்திரிகை, போட்டோ, வங்கிப் புத்தகம், மருந்து, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சாவி. படிப்புச் சான்றிதழை மறக்கவே கூடாது. என் சித்தி மகளுடையது மாமியார் பூட்டிய பெட்டியில் இருந்தது, அது திரும்பக் கிடைக்கும்வரை அவளால் ஒரு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் 112. மற்ற நேரத்தில் ஆலோசனைக்கும் மீட்புக்கும் 181. இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குபவை.

படி 3: ஆதாரத்தை நாள்தோறும் சேருங்கள்

காயம் பட்டால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் "எப்படி அடிபட்டது?" என்று கணவன் பக்கத்தில் நிற்கும்போதே கேட்பார்கள். பயந்து "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், அந்த வரிதான் பின்னால் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக நிற்கும். டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

காயத்தைப் போட்டோ எடுத்து, அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடலாம், அதைப் பெற்றவரிடம் தேதியோடு இருக்கும். மிரட்டல் குரல் பதிவு வந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குக் கோர்ட்டில் தனிச் சான்றிதழ் தர வேண்டும், வக்கீல் தயார் செய்வார், ஆனால் அசல் கருவி இருந்தால் நல்லது. ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று இரண்டு வரி எழுதினாலே போதும். அழகாக எழுத வேண்டியதில்லை.

ஆதாரம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான்கு சுவருக்குள் நடப்பதற்குச் சாட்சி இருக்காது என்பது கோர்ட்டுக்கும் தெரியும். உங்கள் வாக்குமூலமே ஆதாரம்தான். மேலே சொன்னவை அதற்குப் பலம் சேர்ப்பவை.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். இந்தச் சட்டத்தின் அச்சாணியே அவர்தான். உங்களிடம் கேட்டு டி.ஐ.ஆர். என்ற சம்பவ அறிக்கையைத் தயார் செய்வது, மனுவைக் கோர்ட்டுக்கு அனுப்புவது, மருத்துவமனையிலும் தங்குமிடத்திலும் சேர்ப்பது, இலவச வக்கீல் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் கடமை. ஒரு ரூபாய்கூடத் தரவேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட பெண்தான் நேரில் போக வேண்டும் என்பதும் இல்லை. தகவலை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மீது வழக்கு எதுவும் வராது என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டும் 'நமக்கெதற்கு வம்பு' என்று கதவைச் சாத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்க இடமில்லை என்றால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம். ஐந்து நாள் வரை பிள்ளைகளோடு தங்கலாம். பையனுக்கு வயது வரம்பு உண்டு, போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 181க்குப் பேசினால் அவர்களே சேர்த்துவிடுவார்கள்.

மூன்றாவது கதவு காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இப்போது மாநிலம் முழுக்க இருக்கிறது. நல்ல அதிகாரி அமைந்தால் அதைப்போல ஒரு பலம் கிடையாது. ஆனால் நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் போன நிலையத்தில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, இனிமேல் சண்டை போட மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அடித்தவனும் அடி வாங்கியவளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிரவே மறுபடி அடி விழுந்தது.

அதனால் நிலையத்துக்குப் போனால் இதைச் செய்யுங்கள். புகாரை எழுத்தில் இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணுள்ள சீட்டு) கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் எழுந்திருக்காதீர்கள். சமாதானப் பேச்சுக்கு வர விருப்பமில்லை என்றால் அதையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாத எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும் இலவச சட்ட உதவியைப் பற்றியும் உங்களுக்குச் சொல்வது 5ஆம் பிரிவின்படி போலீஸின் கடமை. கணவன், கணவன் வீட்டார் கொடுமைக்கு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. அது வேறு வழி, டி.வி. மனு வேறு வழி. இரண்டையும் சேர்த்தும் நடத்தலாம், ஒன்றை மட்டும் எடுத்தாலும் சரி.

போலீஸுக்கே போகாமல் நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் மனு போடலாம். டி.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் கோர்ட் உத்தரவு போடலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சம்பவம் நடந்து ஒரு வருஷம் ஆயிடுச்சே, இனி முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டி.வி. ஆக்டின் 12ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போடும் இந்த மனுவுக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது என்பதும் அதே ஆண்டு வந்த தீர்ப்பு.

படி 5: மனுவில் எல்லாவற்றையும் கேளுங்கள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜீவனாம்சம் மட்டும் கேட்டு மனு போட்டுவிட்டு, பிறகு 'வீட்டில் இருக்கும் உரிமையைக் கேட்டிருக்கலாமே' என்று வருத்தப்படுவார்கள். ஒரே மனுவில் பல உத்தரவுகளைக் கேட்க முடியும்.

முதலாவது, 18ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவு. அடிக்கக்கூடாது என்பதோடு நிற்காது. நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் வரக்கூடாது, போனில் தொந்தரவு செய்யக்கூடாது, இருவருக்கும் பொதுவான வங்கிக் கணக்கையோ லாக்கரையோ தொடக்கூடாது, உங்கள் அப்பா அம்மாவை மிரட்டக்கூடாது என்றெல்லாம் கேட்கலாம். உங்கள் வாழ்க்கையில் எங்கெல்லாம் பயம் இருக்கிறதோ அத்தனை இடத்தையும் மனுவில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது வீடு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "இது எங்க அப்பா பேர்ல இருக்குற வீடு, வெளியே போடி" என்ற வார்த்தையைக் கேட்காத மருமகள் குறைவு. பத்திரம் யார் பேரில் இருந்தாலும், குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு 17ஆம் பிரிவில் இருக்கிறது. மாமனார் பேரில் உள்ள வீடு என்பதாலேயே அந்த உரிமை போய்விடாது என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 19ஆம் பிரிவில் உங்களை வெளியேற்றத் தடை கேட்கலாம், கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் கேட்கலாம். பெண்களை அப்படி வெளியேற்ற உத்தரவு போட முடியாது, அதனால் மாமியாரோடு அதே கூரையின் கீழ் இருப்பது முடியாது என்று தோன்றினால், அதே தரத்தில் வேறு வீடோ வாடகைப் பணமோ கேளுங்கள். வயதான மாமனார் மாமியாரின் நிலைமையையும் கோர்ட் பார்க்கும். எனவே அந்த வீடு கட்டாயம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் நிறுத்திவிட முடியாது.

நகை, சீர், பாத்திரம், உங்களுக்கு வந்த பரிசு எல்லாம் ஸ்திரீதனம், அதைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு கேட்கலாம். கல்யாண ஆல்பம், நகைக் கடை பில், அடகு ரசீது இருந்தால் பட்டியலோடு சேருங்கள். 20ஆம் பிரிவில் மருத்துவச் செலவு, வேலை போனதால் இழந்த சம்பளம், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவு. பணம் தராமல் ஏமாற்றினால் அவன் வேலை செய்யும் நிறுவனமே சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி உத்தரவிடவும் முடியும். 21இல் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, 22இல் மன வேதனைக்கு இழப்பீடு.

இவற்றோடு 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டுத் தனியாக ஒரு மனு. அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வரும் முன்பே, உங்கள் பிரமாணப் பத்திரத்தை வைத்தே உத்தரவு போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வழக்கு எவ்வளவு நாள் இழுத்தாலும் அதுவரை உங்களைக் காப்பது இந்த இடைக்கால உத்தரவுதான்.

படி 6: கோர்ட்டில்

கணவன் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். பெண் என்றாலே இலவச வக்கீல் பெற உரிமை உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

மனு போட்ட மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அப்படி முடிவதில்லை, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகிறது. நோட்டீஸ் வாங்காமல் தப்பிப்பது, வாய்தா வாங்குவது எல்லாம் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். எல்லார் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தால் மூடிய அறையில் விசாரிக்கக் கேட்கலாம். சொத்து, வருமானம், கடன் பற்றி இருவரும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்பது 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அவன் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பிடிக்க அதுதான் உதவும், எனவே சம்பளச் சீட்டு, வண்டி, நிலம் பற்றித் தெரிந்ததை முன்பே எடுத்து வையுங்கள். அதே தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

கூடப் போகிறவர்களுக்கு

அம்மா, அண்ணன், தோழி யாராக இருந்தாலும் சரி. "ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்காதீர்கள். "நீ என்ன பண்ணின, அவர் அடிக்கிற அளவுக்கு?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அதே தேசியக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று 45 சதவீதப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். குழம்பில் உப்பு கூடினால் அடி விழும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாரத்தை அவள் ஏற்கெனவே சுமக்கிறாள். ஒருமுறை கிளம்பி வந்தவள் திரும்பவும் அவனிடமே போனாலும் கதவைச் சாத்தாதீர்கள். பலமுறை முயன்ற பிறகுதான் பலரால் வெளியே வர முடிகிறது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதாக இருந்தாலும், அது அவள் கேட்டால் மட்டும்.

படி 7: உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கும். கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து உங்கள் பகுதி காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும், ஒன்றை வேலை இடத்திலும் கொடுங்கள். போனிலும் படமாக வைத்திருங்கள். உத்தரவு பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். மீறியதை நிரூபிக்க உங்கள் ஒருவரின் சாட்சியமே போதும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. வாசலில் வந்து கத்தினாலும் 112க்குப் பேசி, "கோர்ட் ஆர்டர் இருக்கு, மீறுறார்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

அதே வாரத்தில் வங்கிக் கணக்கின் போன் எண்ணை மாற்றுங்கள், ஏ.டி.எம். கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள், ஆதாரில் இணைந்த எண்ணையும் பாருங்கள். வேறு ஊரில் வேலை கிடைத்தால், பணிபுரியும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதி இருக்கிறதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். என் சித்தி மகள் உத்தரவு நகலை லேமினேட் செய்து சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். உத்தரவு வந்த மூன்றாவது மாதம் அவன் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே போன் செய்தாள், பதினைந்து நிமிடத்தில் ரோந்து வண்டி வந்தது.